சட்டைக் கரி

சாயங்காலம் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டுகிற ஆட்களில் ஒருவர் மட்டும் தலையிலிருந்து கால்வரை கரியாக வருவார். முகத்தில் கரி, கழுத்து மடிப்பில் கரி, காக்கிச் சட்டையின் தோள்களில் கரி. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்களை எண்ணுவது என் வேலை. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் தலை நிமிரமாட்டேன். அப்படிக் குனிந்தே இருந்ததால்தான், எங்கள் ஆலையில் கரி எரிப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்க அத்தனை நாள் பிடித்தது.

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் அட்டை செய்கிற ஆலை. பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி, சூடான உருளைகளின்மேல் ஓடவிட்டு அட்டையாக உலர்த்துவார்கள். உருளைகளுக்கு நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர். பாய்லருக்கு அவர்.

அவர் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. டோக்கன் எண்ணும் நினைவிருக்கிறது. இரண்டையும் எழுத மனம் வரவில்லை. ஆலையில் அவரை ராஜா என்றார்கள். அதுவும் அவர் பெயர் அல்ல, கேலிக்கு வைத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் புது பாய்லர் வந்தபோது அதோடு சேர்ந்து வந்தது. எந்த வருடம் என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. இந்த வயதில் எண்கள் நழுவுகின்றன. அது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பழைய பாய்லர் காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். ஒல்லியான ஆள். மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்பில் ஒரு துண்டோடு நெருப்புக்கு முன்னால் நிற்பார். ஒரு ஷவல் கரி, கதவை மூடு, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார், கதவைத் திற, நெருப்பைக் கிளறு, இன்னொரு ஷவல். சாம்பலை வாரி வெளியே கொட்டுவதும் அவர்தான். உருளைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் அங்கிருந்தே கத்துவார்கள்:

“நைனா, ஆவி பத்தல!”

“வருதுடா, கத்தாத! ஒன் அவசரத்துக்கு நான் நெருப்புல குதிக்கணுமா?”

பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரர், நைனா என்று அவர்தான் எல்லோரையும் கூப்பிடுவார். அதையே திருப்பி அவரைக் கூப்பிட்டார்கள். மத்தியானம் கேன்டீனுக்கு வந்தால் சோற்றை மலைபோல் வாங்கிக்கொள்வார். பரிமாறுகிறவன் முறைத்தால் வலது தோளைக் காட்டுவார். “இது கேக்குதுப்பா. நான் கேக்கல.”

அந்தத் தோள்தான் அவருக்கு எல்லாம். தோள் வலித்தால்தான் சோறு கேட்கிற உரிமை உண்டு என்று உண்மையாகவே நம்பினார். காய்ச்சல் வந்து மூன்று நாள் லீவில் இருந்தபோது வீட்டில் கஞ்சிகூடச் சரியாகக் குடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். “குடிக்க வாய் வரல சார். ஒடம்பு நோவாம எப்டி கேக்கறது?” நான் சிரித்துவிட்டு லீவுச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

புது பாய்லர் எண்ணெயில் எரிவது. பச்சைப் பெயின்ட் அடித்து ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. தண்ணீர் குறைந்தால் தானே பம்பு ஓடும். அழுத்தம் ஏறினால் தானே நெருப்பு அணையும். இறங்கினால் தானே பற்றிக்கொள்ளும். நெருப்பு எரிகிறதா என்று பார்க்க ஒரு மின்சாரக் கண். பழைய பாய்லரின் கதவில் இருந்த சின்னத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தவர் இவர். புதியதில் அப்படியொரு துளையில் இந்தக் கண்ணைப் பொருத்திவிட்டார்கள். ஏதாவது தப்பானால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். அப்போது எழுந்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மணி மாதத்துக்கு ஒருமுறை அடித்தால் அதிகம்.

ஆனால் சர்டிபிகேட் வாங்கிய ஆள் ஒருவர் பாய்லர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடியது. கரி வண்டி தள்ளிய மற்ற இருவரும் கூழ்த் தொட்டிக்கு மாற்றப்பட்டார்கள். போகும்போது அவர்களில் ஒருவன்தான் சொன்னான்: “ராஜா மாரி ஒக்காரு நைனா. சிம்மாசனம் போட்டுட்டாங்க.” அன்றிலிருந்து ராஜா.

ராஜாவால் உட்கார முடியவில்லை. முதலில் பாய்லர் அறையைப் பெருக்கினார். ஏற்கெனவே பெருக்கிய அறை. பித்தளைக் குழாய்களைப் புளி போட்டுத் தேய்த்தார். எஞ்சினியர் பார்த்துவிட்டு, குழாயில் கை வைக்காதே என்றார். எஞ்சினியர் இளைஞர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. படித்து முடித்த சூடு இன்னும் ஆறாதவர், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் ராஜா பாய்லரை விட்டுவிட்டு, லாரியிலிருந்து காகிதக் கட்டுகளை இறக்குகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய் முதுகைக் கொடுத்திருக்கிறார். எஞ்சினியர் அவரை டைம் ஆபீசுக்கே அழைத்துவந்தார். மெமோ நான்தான் எழுத வேண்டும்.

“உன் வேலை எங்கய்யா?”

“பாய்லர்ல சார்.”

“அப்ப லாரிகிட்ட என்ன பண்ற?”

“பாய்லர்ல வேல இல்ல சார். லாரிகிட்ட இருந்திச்சி.”

“பாய்லர்கிட்ட இருக்கிறதுதான்யா உன் வேலை. மணி அடிச்சா அழுத்தணும். அடிக்கலன்னா இருக்கணும்.”

“இருக்கறது ஒரு வேலையா சார்?”

எஞ்சினியர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மெமோ வேண்டாம், எச்சரித்து அனுப்புங்கள் என்றார். நான் எச்சரித்தேன். எச்சரிக்கையும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் செய்தேன்.

அதன் பிறகு அவர் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. கேன்டீனில் தட்டை நீட்டும்போது மலை சிறிதாகிவிட்டது. பரிமாறுகிறவன், “இன்னா ராஜா, தோள் கேக்கலியா?” என்பான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் சாயங்காலம் கரி பூசிக்கொண்டு போகிற ஆளையும் இந்த ஆளையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பழைய பாய்லர் கொட்டகைப் பக்கம் போனேன். இரும்பு வாங்குகிறவர்கள் வரப்போகிறார்கள், அங்கே கிடக்கும் சாமான்களை எண்ணி வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஷிப்டு முடிய இன்னும் சற்று நேரம் இருந்தது. பாய்லர் மணி அடித்தால் கேட்கிற தூரம்தான். அந்தச் செத்த பாய்லரின் பின்பக்கம், புகைபோக்கிக்குப் போகும் சின்னக் கதவைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, ராஜா கரியை வழித்துக்கொண்டிருந்தார். வழித்ததை உள்ளங்கைகளில் தேய்த்து முகத்தில் தடவினார். கழுத்தில். பிறகு சட்டையில், தோளுக்கு மட்டும் இரண்டு தடவை.

என்னைப் பார்த்ததும் கையை மறைத்துக்கொண்டார். முகத்தை மறைக்க முடியவில்லை.

“என்னப்பா இது?”

“ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லாமலா பூசிக்கிற? வேஷம் எதுக்கு?”

சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். சொன்னார், என்னைப் பார்க்காமல், அந்தக் கதவை மூடிக்கொண்டே.

அவர் மனைவி வயல் வேலைக்குப் போகிறவள். பொன்னேரிப் பக்கம் நடவு, களை, அறுப்பு. காலையில் குனிந்தால் பொழுது சாய்கிறவரை நிமிர்வதில்லை. முட்டி வரைக்கும் சேறு, புடவையெல்லாம் சேறு. அவளும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள். கரி எரித்த காலத்தில் இருவரும் எதிரெதிரே நின்று, “நீ இன்னா நெறம், நான் இன்னா நெறம்” என்று சிரித்துக்கொள்வார்களாம். புது பாய்லர் வந்த முதல் நாள் வெளுத்த சட்டையோடு வாசல்வரை போயிருக்கிறார். அவள் சேற்றுக் காலோடு வருவது தெரிந்திருக்கிறது. திரும்பி ஏரிக்கரைக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குள் போயிருக்கிறார்.

“வெக்கமா பூட்ச்சி சார். அவ சேறா வரா, நான் மாப்ள மாரி போய் நிக்கறேன். எப்டி சார் சோறு போடுன்னு கேக்கறது?”

“சொல்லிவிடேன். புது மிஷின் வந்திருக்கிறது, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று. சந்தோஷப்படுவாள்.”

“அவ சந்தோசப்படுவா சார்.” கதவின் தாழ்ப்பாளைத் தட்டிப் போட்டார். “அதான் பேஜாரு.”

அவர் ஊரிலிருந்து எங்கள் ஆலைக்கு வேறு யாரும் வருவதில்லை. அதனால் இந்தச் செய்தி அவளுக்குப் போகவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆசை இருந்தது, நல்ல வேடிக்கைக் கதை அது. ஆனால் அவர் முகத்தில் பூசியிருந்ததற்குக் கீழே இன்னொன்று தெரிந்ததால் வாய் வரவில்லை.

இரும்பு வாங்குகிறவர்கள் வந்து பழைய பாய்லரைக் காஸ் நெருப்பால் துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். கரி வாரும் ஷவலும் அதோடு போனது. அதற்கு முந்தின நாள் ராஜா ஒரு பெரிய பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார். மூடியில் இரண்டு கிளிகள் படம் போட்ட டப்பா. புகைபோக்கியில் மிச்சமிருந்ததையெல்லாம் அதில் வழித்து அடைத்து, ஸ்டூலுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டார். அவருடைய இருப்பு அதுதான். சிக்கனமாகச் செலவழித்தார். கேட்டைத் தாண்டும்போது பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் கரி கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது. டப்பா காலியான பிறகு என்ன செய்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு நாள் கேட்டேன். “அடுப்புக் கரி சரியா வராது சார். அது வேற நெறம், அவ கண்டுபுடிச்சிருவா” என்றார். அதையும் யோசித்து வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் ஒவ்வொருவரும் தன் கருவியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பாய்லர் அறையில் போடும் படையலில் வைப்பார்கள். பிட்டர் ஸ்பானரை வைப்பார். கேன்டீன்காரர் கரண்டி வைப்பார். நான் டைம் ஆபீசின் டோக்கன் பலகையும் பேனாவும் வைப்பேன். ராஜா வருடாவருடம் ஷவலை வைத்தவர். புது பாய்லர் வந்த பிறகும், பழைய கொட்டகையிலிருந்து அதையே எடுத்துவந்து வைத்தார். அந்த வருடம் ஷவல் இல்லை. எல்லோரும் வைத்து முடித்தபின் அவர் வெறுங்கையோடு ஓரமாக நின்றார்.

எஞ்சினியர்தான் கவனித்தார். “என்ன ராஜா, உன் ஆயுதம் எங்கே?” பிறகு, வேடிக்கையாக, “அந்த ஸ்டூலுக்கு ஒரு பொட்டு வைய்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் ஸ்டூலைத் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார். அது கேலிதான், ஆனால் அவர் வைத்தது கேலியாக இல்லை. அந்த நேரம் பாய்லர் அறை வாசலில் அவர் மனைவி வந்து நின்றாள்.

குடும்பங்கள் வந்து பார்க்கிற நாள் அது. அவள் அதற்கு முன் வந்ததில்லை, அது நடவுக்காலம். அந்த வருடம் மழை தள்ளிப்போய் வயலில் வேலை இல்லை. தலை பின்னி, பூ வைத்து, மஞ்சள் புடவையில் வந்திருந்தாள். அறை முழுவதையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பச்சைப் பெயின்ட், விளக்குகள், ஸ்டூல், ஸ்டூலுக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்கிற புருஷன்.

“கரி எங்க?” என்றாள்.

அவர் வாயைத் திறக்குமுன் எஞ்சினியர் ஆசையோடு விளக்க ஆரம்பித்துவிட்டார். கரியெல்லாம் போச்சும்மா, எல்லாம் தானியங்கி, உன் வீட்டுக்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தால் போதும். மின்சாரக் கண்ணைக்கூடக் காட்டினார்.

“எத்தினி நாளா சார்?”

“ரெண்டு வருஷம் ஆச்சும்மா.”

“ரெண்டு வருசம்” என்று அவளும் சொன்னாள். அப்போதுதான் ஜன்னல் திட்டைப் பார்த்தாள். இரண்டு கிளிகள். “எங்க ஊட்டு டப்பா” என்று சொல்லிக்கொண்டே போய் எடுத்துத் திறந்தாள். உள்ளே விரலை விட்டாள். விரலைப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பொரிப் பொட்டலம் வாங்கக்கூட நிற்கவில்லை. அவர் பின்னாலேயே போனார்.

நானும் டைம் ஆபீசுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டருகே, என் ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றார்கள். கேட்காமல் இருந்திருக்கலாம், ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை.

“அடியே, நான் சொல்றத கேளு.”

“இன்னாத்த கேக்கறது? வயல்ல இருந்து வந்து கால் சேத்தக்கூட கழுவாம அடுப்ப மூட்டி ஒனக்கு வெந்நீ வெச்சனே, எதுக்குய்யா வெச்சேன்? கரி போவலன்னு ஒன் சட்டைய கல்லுல அடிச்சி அடிச்சி என் தோள்பட்ட எறங்கிப் பூட்ச்சி. ஒரு நாள் நாஷ்டா துன்ன நேரமில்லாம தொவச்சிட்டு ஓடினேனே, எந்தக் கரிய்யா அது?”

“நீ சேறா வர. நான் வெள்ளையா வந்து நின்னா வெக்கமா இருந்திச்சி.”

“வெக்கம் ஒனக்கு. தொவைக்கறது நானா?”

டப்பாவை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

“நீ ஒக்காந்துகினு சம்பாரிச்சா எனக்கு இன்னா கொறஞ்சி பூடும்? ஒரு ஆளாவது நோவாம வருதேன்னு நான் நிம்மதியா படுத்திருப்பேன். பாய்லர்ல வேல இல்லன்னு எனக்கு வேல குட்த்துக்கினு இருந்திருக்க.”

டப்பாவைத் திறந்து மிச்சமிருந்த கரியைச் சாக்கடையில் கொட்டினாள். அடியைத் தட்டினாள். தன் மஞ்சள் புடவையில் பட்டுவிடாமல் டப்பாவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் அங்கேயே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் கேட்டைத் தாண்டும்போது வெறும் முகமாகப் போனார். அது எனக்குப் பழக இரண்டு மூன்று நாள் பிடித்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மழை வந்து நடவு தொடங்கிய வாரம், எஞ்சினியர் என் மேசைக்கு வந்து நின்றார். “ராஜா இடத்தில் இல்லை போலிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். போனேன். போகும் வழியில் கூழ்த் தொட்டி ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்: “ராஜா பொண்டாட்டி பொடவ தொவைக்கறாருடோய்!”

உண்மைதான். பாய்லர் அறைக்கு வெளியே, சுவரை ஒட்டி, உருளைகளிலிருந்து குளிர்ந்து திரும்பும் நீராவி வெந்நீராகக் கொட்டுகிற ஒரு குழாய் உண்டு. யாருக்கும் பயன்படாமல் சாக்கடைக்குப் போகிற தண்ணீர். அதன் கீழே ஒரு கல்லைப் போட்டு, முந்தின நாள் அவள் வயலில் கட்டியிருந்த புடவையை ராஜா அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். சேறு பழுப்பாக ஓடியது. ஏற்கெனவே துவைத்த ஒரு ரவிக்கையும் பாவாடையும் நீராவிக் குழாயின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. அறைக் கதவு திறந்திருந்தது. ஸ்டூலும் விளக்குகளும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன.

எஞ்சினியரும் பின்னால் வந்துவிட்டார். “பாய்லர் ஹவுசா, தோபிகானாவா இது?”

ராஜா எழுந்து நின்றார். கையிலிருந்து நுரை சொட்டியது. “மணி அடிச்சா கேக்கும் சார். இங்கியே இருக்கணும்னீங்க. இருக்கறேன்.”

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். “இடத்தில் இருக்கிறார் சார்” என்றேன். அவர் திரும்பிப் போனார். போகும்போது காய்கிற ரவிக்கையைப் பார்க்காமலிருக்கத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் அதைத்தான் செய்தேன். திருவள்ளூரில் நான் வளர்ந்த வீட்டில் ஆண்கள் அந்தத் துணிகளைத் தொட்டதில்லை; கொடியில் தொங்கினால் குனிந்து போவார்கள்.

போகாமல் நின்றேன். ஏதாவது கேட்கத் தோன்றியது. “எல்லாரும் சிரிக்கிறார்களே. வெட்கமாக இல்லையாப்பா?”

அவர் புடவையின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை முறுக்கினார். கடைசிச் சொட்டு விழும்வரை முறுக்கினார். பிறகு இடது கையால் வலது தோளைப் பிடித்துவிட்டார்.

“இல்ல சார்” என்றார். “தோளு நோவுது.”

அன்று மத்தியானம் அவர் கேன்டீனில் இரண்டாம் தடவை சோறு வாங்கியதைப் பார்த்தேன்.

சாயங்காலம் பொன்னேரியில் என் வாடகை வீட்டுக்குப் போய் வழக்கம்போல் முற்றத்தில் கால் கழுவினேன். என் மனைவி உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள். தலைக்குமேல் கொடியில் அவள் துவைத்துப் போட்ட துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. ரயில் பெட்டிகளை எண்ணுவேன், ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். அந்தக் கொடியை அதுவரை எண்ணியதில்லை.

ஒன்பது உருப்படிகள். ஏழு என்னுடையவை.